ஐந்து கதிரவன்கள்

இந்த வருடமும் அந்தப் படம் வந்துவிட்டது. அரியலூர் அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் ஜெனிபர் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். கட்டிலில் ஒருவன் படுத்திருக்கிறான். கையில் ஊசி ஏறியிருக்கிறது. அவன் ஊசியையும் பார்க்கவில்லை, நிரம்பும் பையையும் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டுகிறான். சுற்றிலும் ஒரு கும்பல். அதில் முக்கால்வாசிப் பேருக்கு ரத்தம் கொடுக்கும் உத்தேசமே கிடையாது என்பது அவர்கள் கதவுப் பக்கமாக நிற்பதிலேயே தெரிகிறது. படத்துக்குக் கீழே ஜெனிபர் எழுதியிருந்தாள்: "மேடம், உங்க தலைவர் பொறந்தநாள். இவங்கள எப்படித்தான் சமாளிச்சீங்க? எழுதிக் குடுங்க, நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

'உங்க தலைவர்' என்றது கிண்டல். நான் அந்த நடிகரின் ரசிகை என்பது மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரியும். அதை நான் மறைத்ததில்லை. ஆனால் அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்பவர்களையும் என்னையும் ஒரே சொல்லால் அழைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் இதற்கு மேல் படிக்க மாட்டார்கள். மீதிப் பேர் படிக்காமலே விசில் அடிப்பார்கள்.

அவர் காது கேட்காத தையல்காரராக நடித்த படம் ஒன்று உண்டு. அதில் ஒரு பாட்டுக்குத் தையல் மெஷினின் ஓட்டத்தையே தாளமாக வைத்திருப்பார்கள். நூல் அறுந்துபோகும் இடத்தில் பாட்டு நிற்கும். அவர் ஊசியில் நூலைக் கோக்கும்வரை சத்தமே இருக்காது. கோத்த பிறகு சரணம் தொடங்கும். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவராக இன்னொரு படத்தில் வந்தார். இரண்டு தெரு தள்ளி எங்கோ கோயிலில் வாசிப்பது போல ஒற்றை நாகஸ்வரம் கேட்கும். அவர் வாயசைக்காமல் டோக்கன்களை அடுக்கிக்கொண்டிருப்பார், பாட்டு அவர் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். அந்தப் படத்தை பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். தியேட்டரில் என்னையும் சேர்த்து ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் கூட்டம்.

இவற்றைப் பற்றி ரசிகர் மன்றத்தானிடம் கேட்டுப் பாருங்கள். "அது ஓடலயேக்கா" என்பான். அவன் பார்க்கும் படத்தில் அவர் நடந்து வருவார், பின்னால் ஜீப்புகள் வெடிக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றுவார், மறுபடி மாட்டுவார். அதற்கு ஒரு பாட்டு. பாட்டு என்றால் மேளத்தைப் போட்டு நொறுக்கிவிட்டு நடுவே அவர் பெயரை எழுத்து எழுத்தாகக் கத்துவது. அவரே அதில் கூச்சப்பட்டு நடிப்பது எனக்குத் தெரிகிறது, இவர்களுக்குத் தெரிவதில்லை. தலைவனை இவர்கள் யாரும் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

போகட்டும், வேலைக்கு வருகிறேன். திருச்சியில் லேப் டெக்னீஷியன் படிப்பு, ஜெயங்கொண்டத்தில் ஒரு தனியார் லேபில் சிறுநீர் பாட்டில்களோடு சில வருடம், பிறகு அரசு வேலை. அதில் சொல்ல ஒன்றுமில்லை. வேலையைக் கற்றுக்கொண்டது ரத்த வங்கி டாக்டரிடம்தான். ஒல்லியான மனிதர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எதையும் மூன்று தடவை வாசிப்பார். பையில் ஒட்டிய நம்பரை முதலில் அவர் வாசிப்பார், பிறகு என்னை வாசிக்கச் சொல்வார், மூன்றாவதாகப் பேனா முனையை எழுத்து எழுத்தாக நகர்த்தி மறுபடி அவரே வாசிப்பார். எல்லாம் சரியென்றால் "ம்" என்பார். தப்பு இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அப்படியே நிற்பார். தப்பைச் செய்தவர் அதைத் தானே கண்டுபிடிக்கும்வரை நிற்பார். அதற்குத் திட்டு வாங்கிவிடலாம் என்றிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன்.

ரத்தம் கொடுக்க வருகிறவனை முதலில் எடை பார்ப்போம். விரலில் குத்தி ஒரு துளியை நீலக் கரைசலில் விடுவோம். கெட்டியான ரத்தம் என்றால் துளி கல் போலக் கீழே போகும். சோகை பிடித்த ரத்தம் மிதக்கும். பிறகு கேள்விகள். காய்ச்சல் வந்ததா, மஞ்சள் காமாலை வந்ததா, நேற்று குடித்தாயா, கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தாய். ஆண்பிள்ளை ஒரு தடவை கொடுத்தால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். இரண்டு கையையும் பார்க்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. ஒரு கையில்தான் ஊசி போடுகிறோம் என்றாலும் இரண்டையும் விரித்துக் காட்டச் சொல்வோம். எடுத்த ரத்தம் உடனே நோயாளிக்குப் போகாது. அதை வேறு பிரிட்ஜில் வைத்து, வகை பார்த்து, கிருமிச் சோதனைகள் முடித்த பிறகே கொடுக்கும் பிரிட்ஜுக்கு மாறும்.

அந்த ரத்தம் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கும். அதற்குப் பிறகு கொட்ட வேண்டியதுதான். இதை மன்றத்துக்காரர்களிடம் ஒவ்வொரு வருடமும் சொன்னேன். "தம்பிகளா, எல்லாரும் ஒரே நாள்ல வந்து குடுக்காதீங்க. மாசத்துக்கு நாலு பேரா வாங்க. இது ஊறுகா இல்ல, பாட்டில்ல போட்டு வைக்கறதுக்கு."

மன்றச் செயலாளர் பூபதி அதற்கு ஒரு பதில் வைத்திருந்தான். "பொறந்தநாளு வருசத்துக்கு ஒருக்காதானக்கா வருது?"

பூபதி செந்துறை ரோட்டில் பைக் மெக்கானிக். நல்ல உழைப்பாளி, கெட்ட ரசிகன். அவன் ரத்தம் பி நெகட்டிவ். எங்கள் பக்கம் அது அபூர்வம். அதனாலேயே அவனை விரட்டாமல் வைத்திருந்தேன்.

மன்றத்துக்காரர்களுக்கு நோயாளியைவிட பெரம்பலூர் மன்றம் முக்கியம். இரண்டு ஊரும் ஒரே மாவட்டமாக இருந்து பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்தவை. கலெக்டர் ஆபீஸ் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. இவர்கள் கணக்கு முடியவில்லை. பிறந்தநாளுக்கு எந்த ஊரில் அதிக ரத்தம் என்று போட்டி. ஜெயித்த ஊர் தோற்ற ஊரின் பஸ் ஸ்டாண்டில் பேனர் கட்டும். எதிர் ஊர் முகாமில் எவனாவது போய்ப் படுத்தால் அவன் துரோகி, அவனை மன்றத்திலிருந்து தூக்கிவிடுவார்கள். ஒரு பை ரத்தம் எந்த ஊர் பிரிட்ஜில் இருந்தாலும் ரத்தம்தான் என்பது ஒருவன் மண்டையிலும் ஏறவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய பிறந்தநாள் அது. பெரம்பலூர்க்காரர்கள் தந்திரமாக ஒரு நாள் முன்னதாகவே முகாம் போட்டுவிட்டார்கள். எங்கள் முகாம் பிறந்தநாளன்று காலையில். வாசலில் ஸ்பீக்கர் வைத்து அந்த எழுத்து எழுத்தாகக் கத்தும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது பிரசவ வார்டிலிருந்து ஓர் ஆள் ரத்த மாதிரிக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. ரெட்டிபாளையத்தில் மூட்டை ஏற்றுகிறவன். அவன் மனைவி வளர்மதிக்குக் குழந்தை பிறந்துவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை.

"மேடம், அங்க நர்ஸம்மா உடனே வேணும்னாங்க. எவ்வளவு ஆவும்னு தெரியல, அவ வாயே தொறக்க மாட்டேங்குறா."

வகை பார்த்தேன். பி நெகட்டிவ். எங்களிடம் ஒரே ஒரு பை இருந்தது. பொருத்திப் பார்த்து அனுப்பினேன். அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவும் கையிருப்பில் இல்லை. இன்னும் வேண்டும் என்று வார்டிலிருந்து போன் வந்தது. திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பலாமென்றால் அவள் அவ்வளவு தூரம் தாங்க மாட்டாள் என்றார்கள். பெரம்பலூருக்குப் போன் போட்டேன். அங்கே டெக்னீஷியன் ஒரு பெண். "குடுக்கற மாதிரி நெகட்டிவ் ஒண்ணும் இல்லைங்க. நேத்து முகாம் பையெல்லாம் இன்னும் டெஸ்ட் ஆகாம குமிஞ்சு கெடக்கு" என்றாள்.

கவலைப்படவில்லை. வாசலிலேயே பூபதி நிற்கிறானே, எடுத்து அவசரச் சோதனை மட்டும் செய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். "பூபதி, ஒரு உசுரு ஊசலாடுது. உன் குரூப்புதான். வா, நீதான் இன்னைக்கு மொத ஆளு."

வெளியே விசில் பறந்தது. "செயலாளர் ரத்தம் தியேட்டருக்குப் போவுதுடா!" என்று ஒருவன் கத்தினான். ஆபரேஷன் தியேட்டரைச் சொன்னான் என்று நம்புகிறேன். பூபதி வந்து படுத்தான். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுவரை பொத்தான் மாட்டியிருந்தான். விரலில் குத்தித் துளியைக் கரைசலில் விட்டேன். போன வருடம் கல்லாக இறங்கிய ரத்தம் இந்தத் தடவை நடுவில் நின்று யோசித்தது. பிறகு மேலே வந்துவிட்டது.

"இன்னொரு கையக் காட்டு."

"இதுலயே எடுங்கக்கா."

"காட்டுடா."

காட்டவில்லை. நானே பொத்தானைக் கழற்றி மேலே ஏற்றினேன். முழங்கை மடிப்பில் ஒரு பிளாஸ்திரி. அதைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. எங்கள் ஊசி எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியாதா?

"காய்ச்சலுக்கு ஊசி போட்டேன்க்கா" என்றான். காய்ச்சலுக்கு அந்த இடத்தில் எந்த டாக்டர் அந்தத் தடிமனில் ஊசி போடுகிறார்? எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த பஞ்சை அவன் மூஞ்சியில் எறிந்தேன். வாசலில் மன்றமே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் கண் அந்தப் பக்கமே போனது. "பரவால்லக்கா, எடுங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். மயங்கி விழுந்தாலும் விழுவான், எங்கே கொடுத்தான் என்று வாயைத் திறக்க மாட்டான். அங்கே ஒருத்தி கணக்கில்லாமல் ரத்தம் இழந்துகொண்டிருந்தாள்.

டாக்டர் வந்தார். நான் எதையும் விளக்கவில்லை. அவர் பிளாஸ்திரியைப் பார்த்தார். கேள்விக் காகிதத்தை எடுத்தார்.

"கடைசியா ரத்தம் குடுத்தது எப்போ?"

"போன வருசம் சார்."

டாக்டர் பேனாவைத் திறந்து காகிதத்தின் மேல் வைத்தார். அதே குரலில் மறுபடி வாசித்தார். "கடைசியா ரத்தம் குடுத்தது எப்போ?"

"போன வருசம்…" என்று பூபதி இழுத்தான்.

மூன்றாவது தடவை டாக்டர் வாசிக்கவில்லை. நின்றார். பேனா முனை கேள்வியின் முதல் எழுத்தில் இருந்தது. வாசலில் குழந்தையின் அப்பன் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றான். பூபதி அவனைப் பார்த்தான், வாசல் கூட்டத்தைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான்.

"நேத்து சார். பெரம்பலூர்ல."

ஸ்பீக்கரை யாரோ நிறுத்தினார்கள்.

"ஏன்டா அங்க போன?" என்றேன்.

"ரத்தம் குடுத்தா தலைவர் வீடியோ கால்ல வருவார்னு சொன்னாங்கக்கா."

"வந்தாரா?"

"மேனேஜர்தான் பேசுனாரு. போன ஒரு திருப்பு திருப்புனாரு. தலைவரோட காது தெரிஞ்சுது."

ஒரு காது. அதற்காக இவன் ஒரு பை ரத்தத்தைக் கொடுத்து, ஊரை ஏமாற்றி, மறுநாள் இன்னொரு பை கொடுத்துச் சாகவும் தயாராக வந்து படுத்திருக்கிறான். சிரிக்க நேரமில்லை. பெரம்பலூரில் சோதிக்காமல் கிடக்கும் குவியலுக்குள் எங்களுக்கு வேண்டிய பை இருக்கிறது என்பதுதான் விஷயம். நான் போனை எடுத்தேன்.

"அங்க என்ன பேரு குடுத்த?"

சொந்தப் பெயரில் கொடுத்தால் விஷயம் அரியலூருக்கு வந்துவிடும் என்று பெயரை மாற்றியிருக்கிறான். ரத்த வகை தெரியாது என்றும் சொல்லியிருக்கிறான்.

"கதிரவன்னு குடுத்தேன்."

கதிரவன் என்பது அந்த நடிகர் நடித்த போலீஸ் படமொன்றில் இன்ஸ்பெக்டரின் பெயர். அவர் நடித்ததிலேயே மட்டமான வேஷம். பொய்ப் பெயர் வைப்பதிலும் ரசனை இல்லை. போனில் சொன்னேன். மறுமுனையில் அந்தப் பெண் தேடினாள். தேடிவிட்டுச் சொன்னாள்:

"எந்தக் கதிரவன்மா? அஞ்சு பேரு இருக்காங்க."

ஐந்து பேர்! போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வாசலில் நின்றவர்களில் இருவர் சட்டைக் கையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். ஊருக்குத் தெரியாமல் ஒவ்வொருவனும் தனித்தனியாக பஸ் ஏறிப் போய், ஒவ்வொருவனும் தனக்கு மட்டுமே தோன்றிய தந்திரம் என்று நினைத்து, அதே இன்ஸ்பெக்டரின் பெயரைக் கொடுத்திருக்கிறான்.

"அஞ்சு பையையும் எடுத்து வகை பாருங்க. பி நெகட்டிவ் எதுவோ அது எங்க பை" என்றார் டாக்டர். அவர் அவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அங்கே எடுத்துப் பார்த்தார்கள். நான்காவது கதிரவன் பி நெகட்டிவ். அவசரச் சோதனைகளை முடித்து, பனிப் பெட்டியில் வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அது வந்து சேரும்வரை வளர்மதி எங்கள் ஒரே பையிலும் குளுக்கோஸிலும் பிரசவ டாக்டரின் கைகளிலும் ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த நேரத்தில் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. அந்த ஐந்து மடையன்களையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

பை வந்தது. டாக்டர் நம்பரை வாசித்தார், நான் வாசித்தேன், அவர் மறுபடி வாசித்தார். "ம்" என்றார். பை மேலே பிரசவ வார்டுக்குப் போனது. சாயங்காலம் வார்டிலிருந்து போன் வந்தது. ரத்தப்போக்கு நின்றுவிட்டது, தண்ணீர் கேட்கிறாள் என்றார்கள்.

இதைக் கேட்டு மன்றம் என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பூபதியைச் செயலாளர் பதவியிலிருந்து தூக்கியது. பொய் சொன்னதற்கு இல்லை. ஒரு பெண்ணின் உயிரோடு விளையாடியதற்கும் இல்லை. பெரம்பலூர் கணக்கில் ஒரு பை ஏற்றிவிட்டதற்கு. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில், அன்று சட்டைக் கையை இழுத்துவிட்ட அந்த இரண்டு கதிரவன்களும் உண்டு. பிறந்தநாள் பேனரை மறுபடி அச்சடிக்க மனமில்லாமல், பூபதியின் தலைக்கு மேல் புதிய செயலாளரின் தலையை ஒட்டினார்கள். பல நாள் அந்த பேனர் பஸ் ஸ்டாண்டில் தொங்கியது. சட்டை பூபதியுடையது, கழுத்து யாருடையதும் இல்லை. கீழே 'உயிர் காத்த உத்தமர்' என்று தலைவரின் படம். அவருக்கு இந்த ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

சில நாள் கழித்து பூபதி ரத்த வங்கி வாசலில் வந்து நின்றான். மூஞ்சி செத்துப் போயிருந்தது. மெக்கானிக் கடையில்கூட எவனும் பேசுவதில்லை என்றான். ஆறுதலாக ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தான் போல. "நல்லதாப் போச்சு. இனிமே ஒழுங்கா படம் பாரு" என்றேன். போகாமல் நின்றான்.

"அந்தப் பொண்ணு நல்லாருக்காக்கா?"

இவ்வளவு நாள் கழித்துக் கேட்டான் என்று எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மன்றத்தில் வேறு ஒருவனும் கேட்கவில்லை. கொடுத்தவன் யார் என்று வாங்கியவருக்குச் சொல்லக் கூடாது என்பது முறை. "வாயத் தொறக்காம வர்றதுன்னா வா" என்று வார்டுக்குக் கூட்டிப் போனேன்.

வளர்மதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் நிறம் ஏறியிருந்தது. மடியில் பெண் குழந்தை கண் சொருகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போனில் மெல்லிய சத்தத்தில் பாட்டு. எங்கள் ஆளின் பாட்டில்லை. அவருக்கு எதிராகப் படம் விடும் இன்னொரு நடிகரின் பாட்டு. அந்த நடிகரின் ரசிகர்களோடு பூபதி சட்டை கிழியச் சண்டை போட்டு ஸ்டேஷன் போனவன்.

"அவரு பாட்டுன்னா புள்ள உடனே தூங்கிரும் மேடம்" என்றாள் வளர்மதி சந்தோஷமாக. "வூட்டுக்காரரு வேற ஆளு பாட்ட வெச்சாரு." எங்கள் நடிகரின் பெயரைச் சொன்னாள். "அந்தாளு மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ஆவாதுங்க. கத்திக்கிட்டே இருப்பான்." பிறகு பூபதியைப் பார்த்தாள். "இவங்க யாரு?"

"முகாம் நடத்துறவரு. சும்மா பாக்க வந்தாரு" என்றேன்.

"உக்காருங்கண்ணே. பாட்டு நல்லாருக்குல்ல?"

பூபதியின் தாடை இறுகியது. நான் அவன் கையைப் பிடிக்கத் தயாராக நின்றேன். அவன் குழந்தையைப் பார்த்தான்.

"நல்லாருக்கும்மா" என்றான்.

பாட்டு முடியும்வரை நின்றுவிட்டு வெளியே வந்தோம். வராந்தாவின் கடைசிவரை அவன் விறுவிறுவென்று நடந்தான். படிக்கட்டு வந்ததும் வெடித்தான்.

"அக்கா, அது நம்மாளு பழைய படத்து மெட்டுக்கா! அப்படியே சுட்டுருக்கானுங்க. எந்தப் படம், எத்தனாவது பாட்டுன்னுகூட என்னால சொல்ல முடியும்."

உண்மைதான். எனக்கும் தெரிந்திருந்தது. "அத அங்கயே சொல்லிருக்கலாமே?" என்றேன்.

"புள்ள தூங்கிருச்சுல்லக்கா."